வெறுந்தண்ணீரிடம் நீட்டிய குழாய்

தனியாக முக்குளிப்பவன் இரண்டு பேருக்கான ஜாக்கிரதையோடு இறங்க வேண்டும் என்பது என் கட்சி. என்னோடு இறங்கிக்கொண்டிருந்த மைத்துனன் காது வலி என்று ஒதுங்கி, ஆயுள் காப்பீடு விற்கப் போய்விட்டான். முதல் பாலிசியை என் தலையில்தான் கட்டினான். என் மேல் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

வேலை ஒன்றும் பெரிதில்லை. தண்ணீர் நிரம்பிக் கிடக்கும் பழைய கல்குவாரி. அதன் அடியில், இருபது மீட்டர் ஆழத்தில், ஒரு தொழிற்சாலை தண்ணீர் எடுக்கும் குழாய். அதன் வாயில் இருக்கும் சல்லடையை மாதம் ஒருமுறை சுரண்ட வேண்டும். நான் இறங்கினால் பம்பை நிறுத்திவிடுவார்கள். மேலே படகில் என் மனைவி, இறங்கிய நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். என் முதுகில் பெரிய சிலிண்டர். இடுப்பில் ஆபத்துக்கென்று தனியாக ஒரு சின்ன சிலிண்டர்.

இதோடு ஒரு பழக்கமும் உண்டு. ஜோடியாக இறங்குகிறவர்கள் அடிக்குப் போனதும் ஒருவனுக்குக் காற்று தீர்ந்துபோனால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்ப்பார்கள். பெரிய சிலிண்டரில் உபரியாக இருக்கும் மூச்சுக்குழாயை ஒருவன் நீட்ட வேண்டும், மற்றவன் கவ்விக்கொள்ள வேண்டும். மைத்துனன் போன பிறகும் நான் இதை விடவில்லை. கை மறந்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு தடவையும் வெறுந்தண்ணீரிடம் நீட்டி, மூன்று எண்ணி, திரும்ப எடுத்துக்கொள்வேன். பதினோரு வருஷம் தண்ணீர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது.

அன்றைக்கு மூன்று எண்ணி இழுத்தேன். வரவில்லை.

ஒரே கலங்கல். நீட்டிய கைக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. குழாய் ஏதாவது கம்பியில் சிக்கியிருக்கும் என்று நினைத்தேன். அப்போது குழாய்க்குள் காற்று ஓடுவது கைக்குத் தெரிந்தது. நிதானமாக ஒரு மூச்சு உள்ளே. கலங்கலுக்குள்ளிருந்து கொத்தாகக் குமிழி வெளியே. அவசரமே இல்லை. ரொம்ப நாள் காத்திருந்தவர்கள் அப்படித்தான் மூச்சு விடுவார்கள் போலிருக்கிறது.

காற்று மீட்டரைப் பார்த்தேன். நூற்றிருபதில் இருந்த முள், பார்க்கப் பார்க்க எண்பதுக்கு வந்துவிட்டது. குழாயை அறுத்தால் என் காற்றும் அதோடு போய்விடும். மேலே கிளம்பினேன், அதுவும் கூடவே கிளம்பியது. நின்றேன், நின்றது. முள் அறுபது.

வேறு வழியில்லாமல் சின்ன சிலிண்டரைக் கழற்றி, அதன் குழாயை முறைப்படி நீட்டினேன். பெரிய சிலிண்டரின் குழாய் தளர்ந்தது. சிலிண்டரைப் பிடித்திருந்த என் விரல்களை ஏதோ ஒன்று, ஒவ்வொன்றாக, வலிக்காமல் விலக்கியது.

உயிர் போகிற அவசரத்திலும் விறுவிறுவென்று மேலே வரக் கூடாது, ரத்தத்தில் குமிழி கட்டிவிடும். படகுக்கு ஐந்து மீட்டர் கீழே மூன்று நிமிஷம் நின்றாக வேண்டும். நின்றேன். கீழே மட்டும் பார்க்கவில்லை.

படகில் ஏறியதும் மனைவி கேட்டாள்.

"ஏங்க, கூட யாரு? குமிழி ரெண்டு வரிசையா வந்துச்சே."

"யாருமில்ல."

"இடுப்புல இருந்த சின்னது எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாருமில்லாதவருக்கா?"

முதுகுச் சிலிண்டரை இறக்கி வைத்து உட்கார்ந்தேன். அவள் என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். சல்லடைக்கு நேர் மேலே குமிழி வந்துகொண்டிருந்தது. அப்புறம் நகர்ந்தது. நேராக எங்கள் நங்கூரக் கயிற்றருகே வந்து நின்றது. பழக்கதோஷம், அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மூணு நிமிஷம் ஆச்சு. ஒழுங்கா நிக்குதுங்க. இத்தனை வருஷமா உங்களைப் பாத்துத்தான் கத்துக்கிச்சா?"

குமிழி படகோரம் வந்தது. படகில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஏணி ஒரு குலுங்கு குலுங்கியது. நான் எழுவதற்குள் அவள் ஏணியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டாள். இரும்பு ஏணி, முழுகியிருக்க வேண்டும். முழுகவில்லை. இரண்டு படி வெளியே தெரிய, நெட்டுக்குத்தாக நின்றது.

நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டு மோட்டாரைப் போட்டேன். ஏணி கொஞ்ச தூரம், நின்றபடியே, பின்னால் வந்தது.