ஒரு நூல் தள்ளி

மூக்கின் மேலிருந்து பின்னந்தலை வரை டேப்பை வைத்து அளந்து, பாதியில் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார் டெக்னீசியன். என் மனைவி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை தொடங்குவதற்கு முன்பு அவளுடைய மூளை அலைகளை ஒருமுறை பதிவு செய்திருந்தார்கள். மாத்திரை அவற்றை எப்படி மாற்றியிருக்கிறது என்று பார்க்க இன்று இரண்டாவது பதிவு.

எனக்குத் தெரிய வேண்டியது வேறு. மாத்திரை வந்த பிறகு அவள் தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், காதில் கேட்ட குரல்களெல்லாம் வாயை மூடிக்கொண்டுவிட்டன. பெரிய நிம்மதிதான். ஆனால் என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என் காலை வாரிக்கொண்டே இருந்தவள், எதற்கெடுத்தாலும் "சரிங்க" என்றால் அது வீடா? இன்று டாக்டரிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லியே தீருவது என்று வந்திருந்தேன்.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். நடுக்கோடு பிசகினால் தரை முழுக்கப் பிசகும். கை சும்மா இருந்தது, வாய் இருக்கவில்லை.

"மேடம், புள்ளி ஒரு நூல் எடது பக்கம் தள்ளியிருக்கு."

அவர் பொறுமையாக மறுபடி அளந்தார். காதிலிருந்து காதுக்கும் அளந்தார்.

"சரியாத்தான் சார் இருக்கு."

அவர் ஒயர்களைப் பசை வைத்து ஒட்டிவிட்டு, அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். திரையில் கோடுகள் வரிசையாக ஓடின. அலை போன தடவையைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறதாம்; சில மாத்திரைகளுக்கு அப்படி ஆவதுண்டாம். அந்த மெதுவில்தான் அவளைத் தொலைத்துவிட்டேனோ?

திடீரென்று எல்லாக் கோடுகளும் தடித்துக் கறுத்தன. பதறி எழுந்தேன்.

"என்னாச்சு மேடம்?"

"சிரிக்கிறாங்க சார்."

கண்ணைத் திறக்காமலே என் மனைவி சொன்னாள்: "இவரு பேச்ச நம்பாதீங்க மேடம். எங்க வீட்டு பாத்ரூமும் இவரு கைவேலதான். தண்ணி இன்னிக்கும் ஹாலுக்குத்தான் ஓடுது."

"சிரிக்காதீங்கம்மா, பதிவு கெட்டுப்போகுது." டெக்னீசியன் என் பக்கம் திரும்பினார். "இது மூளையோடது இல்ல சார், முகம் அசையறது. டாக்டருக்கு வேண்டாம், இத எடுத்துடுவேன்."

"எடுத்துடுங்க மேடம். அதுக்கு முன்னாடி நான் ஒருவாட்டி பாத்துக்கறேன்."

பார்த்தேன். பழையபடி என் காலை வாரிய சிரிப்பு அது. டாக்டரிடம் பேசுவதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததில் ஒரு வார்த்தைகூட நினைவில் இல்லை.

மறுபடி ஆரம்பித்தார்கள். அவள் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். கோடுகள் ஒழுங்காக ஓடிக்கொண்டே வந்து, ஓர் ஓரத்தில் மெல்ல நடுங்கத் தொடங்கின.