உதிரிபாகத்துக்கு மட்டும்

அந்த இலையுதிர்காலம் முழுக்க ரெனேட்டா ஹால்வர்சன் ஒரு ரம்ப மேசைக்காக அலைந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டால், மாலையில் திரும்ப ஏற்றும்வரை கார் கொட்டகையில் மரத்தோடுதான் இருப்பாள். தொட்டில், பெஞ்சு, அலமாரி என்று கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தாள். ஆனால் அவளிடம் இருந்த ரம்பம் தகர உடம்புக்காரி. கனத்த ஓக் பலகையைக் கண்டாலே உதறல் எடுத்து, கோணலாக அறுத்து, ஓரத்தைக் கருக்கிவிடும். வார்ப்பிரும்பு மேசையும், அதற்குக் கீழே மோட்டாரை உள்ளே வைத்து மூடிய இரும்புப் பெட்டியுமாக, நாலு பேர் சேர்ந்து தள்ளினாலும் நகராத பெரிய ரம்பம்தான் அவளுக்கு வேண்டும். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது.

இரண்டு இடம் போய் ஏமாந்து வந்திருந்தாள். முதலாவது பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. மேசையை விரலால் தடவிப் பார்த்தபோது ஓரிடத்தில் மயிரிழை போல நெருடியது. விரிசலில் ஏதோ பசையை அடைத்துத் தேய்த்துவைத்திருந்தார்கள். இரண்டாவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அது ஆலை மோட்டார், மூன்று ஃபேஸ். வீட்டு மின்சாரத்துக்கு மசியாது.

மூன்றாவது விளம்பரம் விஸ்கான்சினின் மேற்குக் கோடியிலிருந்து வந்தது. ரம்பத்தை ஏற்றி இறக்கும் பல்சக்கரம் போய்விட்டது, உதிரிபாகத்துக்கு மட்டும் என்று போட்டிருந்தது. விலையும் இரும்பு விலைதான். ஆனால் படத்தில் அந்த மேசை துருவில்லாமல் மின்னியது. குறைந்தது மோட்டாராவது தேறும் என்று கணக்குப் போட்டு, கணவனின் தம்பி டெல்லைக் கூப்பிட்டாள். டெல் எலெக்ட்ரீஷியன், அவனிடம் இழுவை வண்டி உண்டு.

“செத்த குதிரைய வாங்கிட்டு வர்றதுக்கு இவ்வளவு தூரமா?” என்று, சனிக்கிழமை விடிகாலையில் கிளம்பியதிலிருந்து வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தான்.

விற்கிறவர் ஆர்வின் லிண்ட்குவிஸ்ட், எழுபதைத் தாண்டிய நெட்டை மனிதர். பின்கட்டுக் கொட்டகையைத் திறந்துவிட்டு, பல வருஷமாக அது ஓடவில்லை, பல் உடைந்துபோயிருக்கும், உங்களுக்கு எது தேவையோ பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார்.

யாரும் தெரியாமல் செருகிவிடக் கூடாதென்று டெல் முதலில் மின்கம்பியின் பிளக்கைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு பெட்டியின் கதவைத் திறந்து, குனிந்து மோட்டார் தகட்டைப் படித்து, “ஒத்த ஃபேஸ்தான்” என்றான். அப்படியானால் வீட்டு மின்சாரத்திலேயே ஓடும் என்று ரெனேட்டா தலையாட்டினாள். இரும்பு மட்டப்பலகையை மேசையில் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எங்கும் ஒளி கசியவில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு அச்சைக் கையால் சுற்றினாள். பேரிங்கில் கரகரப்பே இல்லை, வெண்ணெயில் சுற்றுவது போல ஓடி நின்றது. அச்சின் ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜை வைத்துப் பார்த்தால் முள் சோம்பேறி மாதிரி கிடந்த இடத்திலேயே கிடந்தது. ரம்பத்தைச் சாய்க்கும் பக்கவாட்டுச் சக்கரமும் சுகமாகத் திரும்பியது.

கடைசியாக, ரம்பத்தை ஏற்றி இறக்கும் முன்பக்கச் சக்கரத்தைப் பிடித்தாள். இந்தப் பக்கம் கொஞ்சம் போய் டக்கென்று நின்றது. அந்தப் பக்கமும் அப்படியே. கையை எடுக்காமல் அங்கேயே நின்றாள்.

“டெல், பல்லு உடஞ்சிருந்தா என்ன ஆகும்? சக்கரம் சும்மா வழுக்கிட்டுச் சுத்தும். இது செவுத்துல முட்டுன மாதிரில்ல நிக்குது.”

டெல் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “அப்ப வாய மூடிக்கிட்டு காசக் குடு. ஏத்திட்டுப் போயிருவோம். மிச்சத்த வீட்ல பாத்துக்கலாம்.”

அவன் சொன்னது அவளுக்கும் புரியத்தான் செய்தது. ஆனால் வீடு போய்ச் சேரும்வரை காத்திருக்க அவளால் ஆகாது. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, தோள்வரை கையைப் பெட்டிக்குள் விட்டாள். மரத்தூளும் பிசினும் இறுகிப் பாறையாகிக் கிடந்தன. உளியால் நெம்பியதும் உருண்டையாக ஒன்று கையில் வந்தது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால், வால்நட். இன்னொன்று. அப்புறம் கை நிறைய. தூள் வெளியேறும் துளை வழியாக ஏதோ ஒரு அணில் குளிர்காலச் சேமிப்பை அங்கே கொண்டுவந்து அடைத்திருக்கிறது. இரண்டு கொட்டைகள் மட்டும் பற்களுக்கு நடுவே வகையாகச் சிக்கி, சக்கரத்தை இரண்டு பக்கமும் திரும்பவிடாமல் பிடித்திருந்தன.

டெல் சிரிப்பை அடக்கமுடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பித்தளைத் தூரிகையால் பல் பல்லாகத் துலக்கினாள் ரெனேட்டா. ஒன்றுகூட முறியவில்லை. எண்ணெய் விட்டுச் சக்கரத்தைத் திருப்பினாள். ரம்பம் மேசையின் பிளவு வழியே மெல்ல, பல்லைக் காட்டிக்கொண்டு, எழுந்து வந்தது.

“ஏறுது!” என்று அவள் போட்ட கூச்சல் வீடுவரை கேட்டது.

காபிக் கோப்பைகளோடு ஆர்வின் வாசலில் நின்றிருந்தார். கோப்பைகளை எங்கே வைக்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வந்து, சக்கரத்தைத் தானே திருப்பினார். ஏற்றினார், இறக்கினார், மறுபடி ஏற்றினார். பெல்ட்டை மாட்டச் சொல்லி, பிளக்கைக் குத்தச் சொன்னார். மோட்டார் மெல்லிய ரீங்காரத்தோடு ஓடத் தொடங்கியது. மேசைமேல் ஒரு காசை விளிம்பில் நிமிர்த்தி வைத்தார் ஆர்வின், அதிர்வே இல்லாததால் அது விழாமல் நின்றது. மூலையில் கிடந்த செர்ரிப் பலகையை எடுத்து ஒரே தள்ளாகத் தள்ளினார். சூடான மரவாசனை கொட்டகையை நிறைத்தது. அவர் முகத்தில் பத்து வயது குறைந்துபோயிருந்தது.

“மன்னிச்சுக்கங்க. இத நான் விக்கறதா இல்ல” என்றார்.

ரெனேட்டா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். டெல் அவளைப் பார்த்த பார்வையில், சொன்னேனா இல்லையா என்று எழுதியிருந்தது. தன் கையாலேயே ரம்பத்தைச் சரிசெய்து தன் கையைவிட்டுப் போகவைத்தாயிற்று. அவர் மேல் அவளுக்குக் கோபமும் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

சத்தம் கேட்டு, பூசணி கேக் தட்டோடு ஆர்வினின் மனைவி பெர்னடீன் வந்தாள். தரையில் குவிந்திருந்த வால்நட்டுகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள்.

“வெச்சுக்கோ. வீட்ட வித்துட்டு அடுத்த மாசம் போற அபார்ட்மென்ட்ல எங்க வெப்ப? படுக்கையறையிலயா? நான் வேணா குளியல் தொட்டியில படுத்துக்கறேன்.”

“ஒரு யோசனைக்குச் சொன்னேன், பெர்னி.”

“நீ யோசிச்ச லட்சணந்தான் தெரியுதே. பல்லு உடஞ்சிருச்சு, பல்லு உடஞ்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டே இருந்த. ஒரு தடவையாவது குனிஞ்சு பாத்தியா?”

“அணிலுக்குத் தீனி போட்டு வளத்தது யாரு?” என்றார் ஆர்வின். பெர்னடீன் அதைக் காதில் வாங்கவே இல்லை.

சமையலறை அலமாரிக்குக் கதவுகள் இன்னும் பாக்கி, வீட்டை வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், ரம்பம் ரிப்பேர் என்ற சாக்கு இன்றோடு செல்லாது என்று அவள் கணக்காகச் சொன்னாள். கதவுகளுக்குப் பலகை அறுத்து முடித்ததும் இந்தப் பெண் ரம்பத்தைக் கொண்டுபோகட்டும். ஆர்வின் வெகுநேரம் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ரெனேட்டாவிடம், “பலகைய அந்தப் பக்கம் நின்னு வாங்குவீங்களா?” என்று கேட்டார்.

மத்தியானம்வரை அறுத்தார்கள். அவர் தள்ள, அவள் வாங்க, டெல் அடுக்கினான். முதல் சில பலகைகளில் ஆர்வினின் கை தயங்கியது, பிறகு பழைய தாளம் வந்துவிட்டது. ஒருகட்டத்தில் அவரே விலகிக்கொண்டு, நீங்கள் தள்ளுங்கள் என்று அவளிடம் சைகை காட்டினார். பலகை போன போக்கில் துளி அதிர்வில்லை. உள்ளங்கையில் ஒரு முனகல் மட்டும். ரெனேட்டா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

உதிரிபாக விலைக்கு எடுத்துப்போக அவளுக்கு மனம் வரவில்லை. முழு விலை வாங்க ஆர்வினுக்கு மனமில்லை, அணில் அடைத்த கொட்டையை எடுத்தது நீங்கள்தானே என்றார். நடுவில் ஒரு தொகையில் நின்றார்கள். மேசையின் இரு பக்கமும் நீண்டிருந்த இறக்கைகளைக் கழற்றி, சங்கிலிக் கப்பியில் தூக்கி, வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். கட்டிய ஒவ்வொரு கயிற்றையும் ஆர்வின் தன் கையால் இழுத்துப் பார்த்தார். அதிலும் திருப்தி வராமல், மட்டமாக உட்காரவைக்கத் தெரியாமல் கெடுத்துவிடப்போகிறீர்கள் என்று தன் வண்டியில் பின்னாலேயே வந்துவிட்டார். பெர்னடீனும் கேக் தட்டோடு ஏறிக்கொண்டாள்.

ரெனேட்டாவின் கொட்டகையில் அவர் தரையோடு படுத்து, ரம்பப் பெட்டிக்கு அடியில் சின்னச் சின்ன ஆப்பு செருகி, ரசமட்டத்தில் காற்றுக்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை எழுந்திருக்கவில்லை. டெல் மின்கம்பியை இணைத்தான். ரெனேட்டா தன்னிடமிருந்த ஓக் பலகைகளில் மிகக் கனத்ததை எடுத்து அறுத்தாள். அறுத்த இரண்டு துண்டுகளையும் வெட்டோடு வெட்டு சேர்த்து, வாசலில் விழுந்த சாயங்கால வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். ஆர்வின் எட்டிப் பார்த்தார். இடுக்கில் ஒரு நூல் வெளிச்சம்கூட இல்லை.