நஞ்சு வார்த்த கையே நீரும் வார்த்தது

தென்கோளத்துக் கோடையான சனவரித் திங்களில், பகல் சாய்ந்து மூன்று மணி ஆகும் வேளையில், வடக்கே நெடுந்தொலைவிலுள்ள பாலையிலிருந்து புறப்பட்டு, வழியிலிருந்த கோதுமைத் தாளையெல்லாம் வாட்டி, அடிலெய்டு நகரின் தகரக் கூரைகளைச் சடசடக்கச் செய்து, கிழக்குக் குன்றுகளின் அடியில் வந்து திணறி நின்றுவிட்ட வெங்காற்று, அங்கிருந்த ஓடைத்தெரு முழுவதையும் மூச்சடங்க வைத்திருந்தது. அத்தெருவுக்குப் பெயர் தந்த ஓடையில் நீர் ஓடி மூன்று கோடைகள் கழிந்திருந்தன. குழாய் நீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாகாது என நகர்மன்றம் தடுத்துவிட்டமையால், பச்சைப் புல்வெளிகள் வைக்கோல் நிறம் கொண்டன. குளித்த நீரையும் துணி அலசிய நீரையும் வாளியில் பிடித்துவைத்து, செடிக்கு ஒரு வாய், கொடிக்கு ஒரு வாய் என்று வார்ப்பது எல்லார் வீட்டிலும் வழக்கமாயிற்று.

அத்தெருவின் கோடியில், இரண்டு வீடுகளுக்கு இடையே எழுந்து, இரண்டின் கூரைகளையும் தன் நிழலுக்குள் இழுத்துக்கொண்டு நின்றது ஒரு செந்தைலமரம். படிப்பவரே, தைலமரம் என்றவுடன் நம் மேட்டுநிலங்களில் வரிசையாய் நட்டுக் காகிதத்துக்கு வெட்டப்படும் ஒல்லி மரங்களை நினைத்துவிட வேண்டா. நால்வர் கைகோத்து நின்றாலும் கட்டிப்பிடிக்க இயலாத அடியும், வெள்ளைக் கொண்டைக்கிளிகள் தலைமுறை தலைமுறையாய்க் குஞ்சு பொரித்த பொந்துகளும் கொண்ட பேருருவம் அது. அன்று அதன் இலைகளில் பாதி பழுத்து, மீதி உதிர்ந்து கிடந்தன. அதன் அடியில் அறுபது அகவை கடந்த ஒருவன் குனிந்து, வாளி நீரை வேரின்மேல் மெல்லச் சாய்த்துக்கொண்டிருந்தான். அவன் பெயர் கிளெம் திரெசைஸ். நான்கு திங்களுக்கு முன் அதே வேருக்கு நஞ்சு வார்த்தவனும் அவனே.

மரம் அவனுடையதன்று. வேலிக்கு அப்பால், தெல்மா பாஸ்கோ என்னும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியையின் தோட்டத்தில் அது நின்றது. தெல்மாவோ அம்மரத்தோடு நாள்தோறும் சண்டையிட்டு வாழ்ந்தவள். கோடையில் அது உரித்துப்போடும் பட்டை, குளிரில் கொட்டும் குச்சி, காலை வைத்தால் உருட்டிவிடும் காய், கொடியில் காயும் துணிமேல் கிளிகள் இட்டுச் செல்லும் எச்சம் ஆகிய எல்லாவற்றையும் கூட்டி அள்ளியபடியே, தெருவுக்குக் கேட்கும்படி அதனை வைது தீர்ப்பாள். ஆயின் வேறொருவர் ஒரு சொல் சொன்னால் பொறுக்கமாட்டாள். தன் பிள்ளையைத் தானே திட்டுவேன், அடுத்தவர் வாய் திறக்கக்கூடாது என்னும் தாயின் வீம்பு அவளுக்கு இருந்தது.

குழாய்ப்பணி செய்து ஓய்ந்த கிளெமுக்கோ கிழமைதோறும் ஏணி வைத்து ஏறிக் கூரை விளிம்பில் மழைநீர் ஓடும் தகரத் தொட்டிகளில் இலை வாருவதே வேலையாயிற்று. காட்டுத்தீ பரவும் கோடையில், பறந்துவரும் பொறி ஒன்று காய்ந்த இலையில் விழுந்தால் வீடே போய்விடும் என்பதை அக்குன்றுகளின் அடியில் வாழ்வோர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாரிய இலையை மூட்டை கட்டி வேலியின்மேல் வைத்து, அவன் தெல்மாவைக் கேலி செய்வான்.

"உன் மரத்துக்கு முடி கொட்டுது தெல்மா. ஏதாவது எண்ணெய் தேய்ச்சு விடக்கூடாதா?"

"உன் தலையில ஒண்ணுமே இல்லைன்னு என் மரத்தைப் பார்த்து வயிறு எரியாதே" என்று அவளும் விடமாட்டாள்.

இருபது ஆண்டுகள் இக்கேலியோடே கழிந்தன. வேலியின் நடுவே ஒரு சிறு கதவும் உண்டு. கிளெமின் மனைவி வெர்னா பக்கவாதத்தால் இடப்பக்கம் செயலிழந்து படுக்கையில் விழுந்த ஆண்டில், தெல்மா நாள்தோறும் வந்துபோவதற்கென்று கிளெமே அறுத்து வைத்த கதவு அது. சரியாக மூன்று மணிக்கு அதைத் திறந்துகொண்டு வந்து, செய்தித்தாள் படித்துக்காட்டி, தெருவின் கதையெல்லாம் சொல்லி, வெர்னாவைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவாள் தெல்மா. மற்ற நேரமெல்லாம் வெர்னாவுக்குத் துணை, பின்னறைப் பலகணியில் நிறைந்து நின்ற அம்மரமே. எந்தப் பொந்தில் எந்தக் கிளி குடியிருக்கிறது, எது யாரோடு சண்டையிட்டது என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

இரு கோடைகளுக்கு முன், இலை அசையாத ஒரு பிற்பகலில், காற்றுமின்றி மழையுமின்றி, மிடாப் பருமனுள்ள கிளையொன்று முறிந்து கிளெம் வீட்டின் துணி துவைக்கும் கொட்டகையின்மேல் விழுந்து அதைத் தரைமட்டமாக்கியது. வெர்னாவின் கட்டில் அதற்குப் பத்தடி தொலைவில் இருந்தது. ஓடி ஒளிய இயலாத ஒருத்தியின் தலைக்கு நேர்மேலே, அதனினும் பெரிய கிளை இன்னொன்று நீண்டு கிடப்பதைக் கிளெம் அன்றுதான் உண்மையாகக் கண்டான். அன்று தொடங்கிய அச்சம் அவனை விடவேயில்லை. காற்றடித்தால் அஞ்சினான், காற்று நின்றால் அதனினும் அஞ்சினான். கட்டிலை முன்னறைக்கு மாற்றலாம் என்று கெஞ்சினான். முன்னறையிலிருந்து பார்த்தால் நிறுத்திவைத்த வண்டிகளைத் தவிர வேறு என்ன தெரியும் என்று வெர்னா மறுத்துவிட்டாள். நகர்மன்றத்துக்கு மூன்று மடல் எழுதினான். மரம் நலமாயுள்ளது, பொந்துகளில் பறவைகள் உள்ளன, பெருங்கிளையைத் தொடலாகாது என்று மூன்று முறையும் ஒரே விடை வந்தது. தெல்மாவிடம் பேசினான். சின்னக் கிளைகளை வேண்டுமானால் கழிக்கட்டும், மரத்தை முடமாக்க ஒப்பமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். கேட்க வேண்டிய எல்லாரையும் கேட்டுவிட்டதாகவே அவன் நினைத்துக்கொண்டான்.

செப்டம்பர்த் திங்களின் இறுதிச் சனிக்கிழமை, பந்தாட்ட இறுதிப் போட்டி நாள். அந்நாட்டில் அன்றைப் பிற்பகலில் தெருவில் நாய்கூடத் திரியாது. வீட்டுக்கு வீடு தொலைக்காட்சியின் முன் கூடி, இறைச்சிப் பணியாரமும் பீரும் வைத்துக்கொண்டு கூச்சலிடுவார்கள். தெல்மா தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கிளெம் முன்னறைத் தொலைக்காட்சியின் ஒலியை உரக்கக் கூட்டிவைத்துவிட்டு, வேலிக்கதவைத் திறந்து சென்று, மரத்தின் அடியைச் சுற்றிலும் துளையிட்டுக் களைக்கொல்லியை ஊற்றினான். துளைகளைக் களிமண்ணால் அடைத்து, மேலே பட்டைத்தூளை அப்பினான். ஆட்டம் முடிவதற்குள் கைகழுவித் திரும்பியும் விட்டான்.

திசம்பரில் இலை பழுத்தது. மழையின்மையால் வாடுகிறது என்றே தெல்மா எண்ணினாள். தன் வீட்டுக் குளியல் நீர் போதாமல், வெர்னாவைக் குளிப்பாட்டும் நீரையும் தரமுடியுமா என்று கிளெமைக் கேட்டாள். தரமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வான்? தரலாம் என்றவன், தூக்கிவந்து ஊற்றவும் வேண்டியதாயிற்று. முழங்கால் வலியுள்ள தெல்மா ஒரு வாளி தூக்கும் நேரத்தில் அவன் மூன்று தூக்கினான். தன் கையால் அடைத்த துளைகளின்மேல் தன் கையாலேயே நீர் வார்த்தான். மரம் பிழைத்துக்கொண்டால் போதும் என்று சில நாள் உண்மையாகவே வேண்டியும் கொண்டான். நீ நல்லவன் கிளெம் என்று தெல்மா சொன்ன நாளில், அவன் மேலும் ஒரு வாளி தூக்கிவந்து ஊற்றினான்.

கிளிகள் ஒவ்வொன்றாய்ப் போயின. இலையற்ற கிளைகளின் வழியே வெயில் நேராக வெர்னாவின் கட்டிலில் விழுந்தது. இதுவரை இழுத்தறியாத திரையை இழுத்துவிட வேண்டியதாயிற்று.

பிப்பிரவரி நடுவில், மரத்தைக் காப்பாற்ற வழியுண்டா என்று கேட்டுத் தெல்மாவே நகர்மன்றத்தின் மர ஆய்வரை அழைத்தாள். வந்தவர் அடியிலிருந்த பட்டையைக் கத்தியால் சுரண்டினார். களிமண் அடைப்பு ஒன்று உதிர்ந்தது. பிறகு இன்னொன்று. பத்து நாளில் தெல்மாவுக்கு மடல் வந்தது. மரம் நிற்பது அவள் நிலத்தில். தெருவாயிலோ எப்போதும் பூட்டியிருப்பது. அம்மரத்தின் குப்பையைப் பற்றி அவள் நாளும் சலித்துக்கொண்டதைக் கேட்டவர் பலர். ஆகவே நஞ்சிட்டவள் அவளே என்று கருத இடமுண்டு. வழக்குத் தொடரா வண்ணம் மறுமொழி தருக என்பது அதன் சாரம். மூன்று மடல் எழுதிய கிளெம் உள்ளே வர வேலியில் ஒரு கதவிருப்பது நகர்மன்றத்துக்குத் தெரியாது. ஆசையாய் வைத வசவெல்லாம் அவளுக்கே எதிராக வந்து நின்றன.

அன்று மூன்று மணிக்கு அவள் செய்தித்தாளின்றி, அம்மடலோடு வந்தாள். வெர்னாவின் கட்டிலருகே நின்று அதைக் கிளெமிடம் நீட்டினாள்.

"நாப்பது வருசம் பிள்ளைங்களுக்குப் பொய் சொல்லாதேன்னு சொல்லிக் கொடுத்தவ நான். இந்த வயசுல என்னைக் கூண்டுல ஏத்தப் பாக்கறாங்க கிளெம். எழுபது நாள் என்கூட வாளி தூக்கினவன் நீதான். எனக்கு வேற சாட்சி யாரு? ரெண்டு வரி எழுதிக் கொடு. கொல்ல நினைச்சவ தண்ணி ஊத்துவாளான்னு அவங்களே யோசிக்கட்டும்."

எழுதித் தருவதாகச் சொன்னான் கிளெம். தெல்மா அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். வேலிக்கதவு சாத்தும் ஒலி கேட்கும்வரை வெர்னா காத்திருந்தாள். பின்பு, நோயால் தளர்ந்த நாவால், ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்.

"ஃபைனல் அன்னைக்கு யாரு ஜெயிச்சாங்க கிளெம்?"

அவன் வென்ற அணியின் பெயரைச் சொன்னான்.

"அது மறுநாள் பேப்பர்ல பாத்தது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருசமா, அம்பயரைத் திட்டாம நீ ஒரு ஃபைனலும் பாத்ததில்ல. அன்னைக்கு டிவி மட்டும்தான் கத்திச்சு. உன் சத்தமே இல்ல."

கிளெம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான்.

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். நீ வாளியைத் தூக்கிட்டுப் போறப்பல்லாம், இன்னைக்குச் சொல்லிடுவான், இன்னைக்குச் சொல்லிடுவான்னு பாத்துட்டே கிடந்தேன்."

"உனக்காகத்தான் செஞ்சேன் வெர்னா."

"தெரியும். கவுன்சிலைக் கேட்டே, தெல்மாவைக் கேட்டே. அந்தக் கிளைக்கு அடியில கிடக்கிறவ நான். உனக்குப் பயமா இருக்கா வெர்னான்னு என்னை ஒரு நாள் கேட்டியா?"

அவன் கேட்டதில்லை. கட்டிலை மாற்றலாமா என்று கேட்டான். கிளையை வெட்டலாமா என்று ஊரைக் கேட்டான். அவள் அஞ்சுகிறாளா என்பதை மட்டும் கேட்கவேயில்லை. அவ்வச்சம் முழுவதும் தன்னுடையது என்பதும், அதற்கு அவள் பெயரை இட்டு வழங்கியவன் தானே என்பதும் அவனுக்கு அப்போதுதான் விளங்கின. அறுபத்து மூன்று அகவையில் ஒருவன் தேம்பி அழுவதைக் காண்பது எளிதன்று. வெர்னா தன் வலக்கையை நீட்டி அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவன் அடுக்களை மேசையில் அமர்ந்து எழுதினான். தெல்மா கேட்ட இரண்டு வரிகளும் அதிலிருந்தன: அவள் எழுபது நாள் நீர் வார்த்தாள், நான் உடனிருந்தேன். மூன்றாவது வரியை எழுதத்தான் நண்பகல் வரை ஆயிற்று. அத்தாளை எடுத்துக்கொண்டு வேலியோரம் சென்று, அவளிடம் நீட்டினான். இரண்டு வரி படிக்கும்வரை அவள் முகத்தில் நன்றி இருந்தது. பிறகு அவள் தாளிலிருந்து கண்ணெடுத்து மரத்தைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை.

"நான் கெஞ்சிக் கூப்பிட்ட முதல் நாளே சொல்லியிருந்தா, ஒருவேளை உன்னை மன்னிச்சிருப்பேன். என் எதிர்ல நின்னு தண்ணி ஊத்தினியே கிளெம், அதை என்ன பண்றது?"

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரிப்பதில் பயனில்லை. தெல்மாவின்மேல் இருந்த பழி நீங்கியது. கிளெம் முறைமன்றத்தில் நின்று, விதித்த தண்டத்தை ஏற்றான். நகர்மன்றத்தார் வந்து, உயிரற்ற மரத்தின் கிளைகளை மட்டும் அறுத்து இறக்கினர். அவன் இரு கோடைகளாய் அஞ்சிய பெருங்கிளையும் கயிற்றில் கட்டுண்டு இறங்கியது. பொந்துகளுள்ள அடிமரத்தைப் பறவைகளுக்கென்று அப்படியே விட்டு, தெருவைப் பார்த்தபடி பலகை ஒன்றை நட்டனர். இம்மரம் நஞ்சூட்டிக் கொல்லப்பட்டது என்று அதில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. இன்னார் என்று அதில் எழுதவில்லை. ஓடைத்தெருவில் அது தெரியாதவர் எவருமிலர்.

வெர்னா தன் கட்டிலை முன்னறைக்கு மாற்றச் சொன்னாள். அவன் கெஞ்சியபோது மறுத்தவள், இப்போது அவன் கேளாமலே கேட்டாள். இனிப் பின்னறையில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்றாள். தெல்மா இன்றும் மூன்று மணிக்குச் செய்தித்தாளோடு வருகிறாள். ஆனால் தெருவைச் சுற்றி வந்து முன்வாயிலில் மணியடிக்கிறாள். வேலிக்கதவை அவள் பக்கத்திலிருந்து கம்பியால் கட்டிவிட்டாள். அவள் வருமுன் கிளெம் பின்பக்கம் போய்விடுகிறான். முன்னறையிலிருந்து இரு பெண்களின் சிரிப்பொலி சில நாள்களில் அவனுக்குக் கேட்கும். மழை இன்னும் பெய்யவில்லை, தடையும் நீங்கவில்லை. வெர்னாவைக் குளிப்பாட்டிய நீர் வாளியில் நிறைந்து அவன் காலருகே இருக்கும். பழக்கத்தால் அதைத் தூக்கிக்கொண்டு வேலிவரை நடப்பான். கட்டிய கதவின் முன் நிற்பான். பின் தன் பக்கத்து வெறும் மண்ணிலேயே ஊற்றிவிட்டுத் திரும்புவான்.

அன்புடைய படிப்பவரே, ஒருவரைக் காக்க எண்ணி அவரையே கேளாமல் நாம் செய்பவற்றுள், அன்பு எவ்வளவு, நம் அச்சம் எவ்வளவு என்று பிரித்தறிவது யார்க்கும் எளிதன்று. கிளெமை வெறுக்க என்னால் இயலவில்லை. மன்னிக்க எனக்கு உரிமையுமில்லை. அவன் வீட்டின்மேல் இப்போது வானம் வெறுமையாய்க் கிடக்கிறது. விழுவதற்கு ஒரு சுள்ளியும் இல்லை. இருந்தும், காற்று நின்றுபோன பிற்பகல்களில், அவன் செய்யும் வேலையை நிறுத்திவிட்டு, தலையை நிமிர்த்தி, இன்னும் செவிசாய்த்துக் கேட்கிறான்.