பௌரோ பாடாமல் ஏறிய மரம்

பௌரோ பாடினால் கூரையில் தூங்கும் பூனைகூட எழுந்து போய்விடும். ஆனால் தென்னையில் ஏறுகிறவன் பாடித்தான் ஆக வேண்டும். எங்கள் அபெமாமாத் தீவில் அதுதான் வழக்கம். உச்சியிலிருந்து பார்த்தால் எல்லா வீட்டுக் கிணற்றடியும் தெரியும். பாட்டுக் கேட்டதும் குளிக்கிற பெண்கள் துணியைச் சுற்றிக்கொள்வோம். வாயை மூடிக்கொண்டு மேலே இருப்பவன் திருட்டுப்பயல்.

எங்கள் கிணற்றுப் பக்கம் சாய்ந்திருந்த மரம் பௌரோவுடையது. இப்போது அந்த மரமும் இல்லை, கிணறும் இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது. நினைத்தால் வயிறு எரிகிறது. அந்த வருஷம் மழை பொய்த்து, கிழங்குக் குழியில் உப்பேறிவிட்டது. அவன் காலையும் மாலையும் பாளை சீவி இறக்கும் சாற்றை நம்பித்தான் அவன் அம்மாவும் மூன்று தங்கைகளும் இருந்தார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயது, வாய்க்கொழுப்பு அதிகம். ஒருநாள் அவன் பாட்டில் என் பெயர் வந்தது. தோழிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மானமே போயிற்று. நேரே மரத்தடிக்குப் போனேன்.

"டேய், நாளைக்கு வாயத் தொறந்தே, மரத்தையே வெட்டிப்புடுவேன்!"

"பாடாம எப்படி ஏறுறது, தெரேயா?"

"ஊமையா ஏறு!"

மடையன், அப்படியே செய்தான். மறுநாள் மாலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது என் அண்ணன் கைட்டு எதேச்சையாக மேலே பார்த்தான். அவ்வளவுதான்.

காலையில் ஊரே மனேபாவில், கூட்டம் போடும் பெரிய கொட்டகையில், அவரவர் குடும்பத்துக்குரிய இடத்தில் கூடியது. குற்றம் உறுதியானால் ஒரு வருஷம் அவன் எந்தத் தென்னையையும் தொடக்கூடாது.

"ஏன்டா பாடல?" என்றார் பெரியவர் தொவகாய்.

"தொண்ட கட்டிக்கிச்சு, தாத்தா."

என் பெயரை அவன் சொல்லவேயில்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். தராவாத் தீவிலிருந்து எனக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்திருந்தது. பேசினால் அது போகும். பேசாவிட்டால் அவன் வீட்டு வயிறு காயும். எழுந்துவிட்டேன்.

"நான்தான் பாடாதேன்னேன்."

"உக்காருடி!" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

தொவகாய் கையமர்த்தினார். "எதுக்கும்மா அப்படிச் சொன்ன?"

"பாட்டுல என் பேரு இருந்துச்சு."

தொவகாய் புருவத்தை உயர்த்தினார்.

"ஓ! பேரு வந்தது உனக்குப் பிடிக்கலையாக்கும்?"

ஆமாம் என்றிருந்தால் தப்பித்திருப்பேன்.

"பேரு இருக்கட்டும் தாத்தா. கொரலுதான் சகிக்கல."

மனேபாவே அதிர்ந்து சிரித்தது, வழக்கும் அதோடு போயிற்று. பௌரோ அப்போதுதான் தலையைத் தூக்கினான். தராவாக்காரர்கள் அந்த வாரமே வேறு பெண் பார்த்துவிட்டார்கள்.

முப்பத்தெட்டு வருஷம் அந்தக் குரலோடு குடித்தனம் நடத்தினேன். ஒருநாளும் சுருதி சேரவில்லை. போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். பாவி, இன்னும் கொஞ்ச நாள் பாடியிருக்கலாம்.