ராயபுரம் பாலமும் ஏழு சுற்றும்

எல்லாம் அந்தப் பாலத்தால் வந்த வினை. மக்காவுக்கு உம்ரா யாத்திரை கூட்டிப்போகிற அலி அக்பர் பாய், "நடந்து பழகிக்கோங்கம்மா, அங்க ஸஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் நடுவுல ஏழு தபா நடக்கணும்" என்று சொன்னாலும் சொன்னார், பதுருன்னிசா மறுநாளே தேய்ந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு ராயபுரம் பாலத்துக்குக் கிளம்பிவிட்டாள். முப்பது வருஷமாக நைட்டி தைக்கிற மெஷின் முன்னால் உட்கார்ந்தே கிடந்தவள். எடுத்த எடுப்பிலேயே ஏழு தடவை ஏறி இறங்கினால் கால் சும்மா இருக்குமா? பத்தாம் நாள் இடது குதிகாலுக்கு இரண்டு விரல் மேலே, பின்பக்கம், புளியங்கொட்டை மாதிரி தடித்துக்கொண்டது. காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் உயிர் போய் உயிர் வந்தது.

அப்புறம் ஆளாளுக்கு வைத்தியர் ஆனார்கள். மாடி வீட்டு ஃப்ளோரா நரம்புச் சுளுக்கு என்றாள். நாத்தனார் மலிகா விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி, ஆட்டுக்காலை உருவுகிற மாதிரி உருவினாள். வீக்கம் கூடியதுதான் மிச்சம். சரி போகட்டும் என்று பதினைந்து நாள் படுத்தே கிடந்தாள். வலி போயிற்று. மறுபடி பாலம் ஏறினாள். இரண்டே நாளில் வலி திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. மனுஷிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் பிசியோ பார்க்கிற தேவப்பிரியம்தான் காலை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இது நரம்பே இல்லம்மா. கெண்டைக்கால் சதையக் குதிகால் எலும்போட கட்டி வெச்சிருக்கிற கயிறு. அறுந்துலாம் போகல. பழக்கமில்லாத பாரத்தைத் திடீர்னு ஏத்திட்டீங்க, நொந்துபோச்சு. சும்மா படுத்துகினே இருந்தா இன்னும் பலம் போயிடும். கொஞ்சங்கொஞ்சமா பாரம் குடுத்துத்தான் தேத்தணும்."

படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூன்று எண்ணி எம்ப வேண்டும், மூன்று எண்ணிக் குதிகாலை இறக்க வேண்டும். செய்யும்போது லேசாக வலிக்கலாம். மறுநாள் காலை முதல் அடி அதிகமாக வலித்தால், நேற்று அளவு மீறிவிட்டது என்று குறைத்துக்கொள்ள வேண்டும். குதி கொஞ்சம் உயர்ந்த செருப்பு போட வேண்டும்.

"எத்தினி நாளு?"

"மூணு மாசம்."

"இன்னாம்மா நீ! ஏழு வாரத்துல ஃப்ளைட்டு கீது!"

"காலுக்கு அது தெரியாதேம்மா."

அன்றிலிருந்து பொதுப் படிக்கட்டில் தினம் இந்தக் கூத்துதான். போகிறவர் வருகிறவர் எல்லாம் "இன்னா மாமி, டான்ஸா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு நாள் தேவலை என்றிருக்கும், மறுநாள் பழைய குருடிதான். ஐந்து வாரம் ஓடியும் தெருமுனைக் கடை வரைக்கும்தான் வலியில்லாமல் போக முடிந்தது. "எப்பத்தான்டா விடுவ?" என்று தன் காலையே திட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அலி அக்பர் பாயின் போன். "உங்க வூட்டுக்காரர் அத்தாவுல்லா பாய் சொன்னாரு, உங்களுக்கு வீல்சேருக்கு ஏற்பாடு பண்ணியாச்சும்மா."

புருஷன் வீட்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொண்டாள். "உன்ன யாரு சேரு கேட்டது? முப்பது வருஷம் குந்திகினே கெடந்தேன். அங்கியும் போயி குந்தவா? எவனோ முன்ன பின்ன தெரியாதவன் தள்ளிகினு போவான், நான் மூட்ட மாரி வரணுமா? என் கால்ல நடக்கணும்னுதான்யா போறேன்!"

அத்தாவுல்லா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சோற்றுத் தட்டை எடுத்து வைத்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

மறுநாள் காலை அவள் படியில் எம்பிக்கொண்டிருக்கும்போது அவர் கீழேயிருந்து வந்தார். மூன்று வாரமாக விடிகாலை ஃபஜர் தொழுகைக்குப் போனால் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருகிறார், தோஸ்துகளோடு டீ என்பார். இன்று கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறினார்.

"காலு இன்னா?"

"ஒண்ணுமில்ல."

லுங்கியைத் தூக்கிப் பார்த்தாள். வலது குதிகாலுக்கு மேலே அதே இடம், அதே வீக்கம்.

"எங்க போன?"

"பாலத்துக்கு."

"எத்தினி தபா?"

அவர் சுவரைப் பார்த்தார். "ஏழு. தெனம்."

"எதுக்குய்யா?"

"எவனோ தெரியாதவன் உன்னத் தள்ளுவானா? நான்தான் தள்ளணும்னு பழகிகினு இருந்தேன்."

"அடப்பாவி மனுஷா! என் கதியப் பாத்துகினே அதே பாலத்துல ஏறுனியா? அறிவு கீதா உனுக்கு?" கத்தினாள். கத்தும்போதே கண்ணில் தண்ணீர் முட்டியது. அவர் தோளைப் பிடித்துத் தன் பக்கத்தில், படி விளிம்பில் நிறுத்தினாள்.

"சேரு வேணாம்னு சொல்லிடவா பதுரு?"

ஏழு சுற்றும் தன்னால் நடக்க முடியப் போவதில்லை. அது அவளுக்கு ஐந்து வாரமாகவே தெரியும்.

"இருக்கட்டும். மொத சுத்தும் கடைசி சுத்தும் ரெண்டு பேரும் நடக்கறோம். நடுவுல அஞ்சுக்கு, அன்னிக்குக் காலைல மொத அடி யாருக்கு ஜாஸ்தி வலிக்குதோ அவுங்க குந்தட்டும். இன்னொருத்தர் தள்ளட்டும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப குதிகால இறக்கு. மெதுவாய்யா, மெதுவா! மூணு எண்ணு."