எல்லாம் பார்த்தாச்சு

பை அம்மா ஒரு சங்கம் ஆரம்பிக்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டதும் கூட வேலை பார்க்கிறவர்கள் மெச்சிக்கொண்டார்கள். அண்ணனைப் பறிகொடுத்துவிட்டு மூலையில் முடங்கிக் கிடக்காமல் நாலு பேருக்கு நல்லது செய்யக் கிளம்பிவிட்டாளே, மனசு என்றால் அதுவல்லவா மனசு என்றார்கள். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாலு பேருடைய நன்மை அவள் நினைப்பில் துளிகூடக் கிடையாது. அவளுக்கு வேண்டியது ஒரே ஓர் ஆள். ஆற்றங்கரை கிளினிக்கில் அண்ணனைக் கடைசியாகப் பார்த்து அனுப்பிய மருந்தாளுநர். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

அவளும் மருந்தாளுநர்தான், வேறோர் ஊர் கிளினிக்கில். கவுண்டருக்குப் பின்னால் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை இல்லை. வெளிநோயாளிகளை எதிரே உட்காரவைத்து, என்ன சாப்பிடுகிறார்கள், எதை மறக்கிறார்கள், எதை மறந்ததாக நடிக்கிறார்கள் என்று துருவிக் கேட்டு அளவைக் கூட்டிக் குறைக்கிற வேலை. வீட்டில் இருக்கும் மாத்திரை அத்தனையையும் ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வாருங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அவளுக்குப் பை அம்மா என்று பெயர் வந்துவிட்டது. பட்டப்பெயரை முதலில் வைத்தது அண்ணன்தான் என்பது கிளினிக்கில் யாருக்கும் தெரியாது.

ஒரு விதத்தில் ரெண்டுங்கெட்டான் வேலை அது. டாக்டர்கள் கூடிப் பேசும்போது இவர்கள் மருந்துக்கடை ஆட்கள். மருந்துக்கடைக்காரர்கள் கூடினால் இவர்கள் டாக்டர் பக்கத்து ஆட்கள். ஒரு கிளினிக்குக்கு ஒருவர்தான் இருப்பார். எடை பார்க்கும் மிஷினுக்கும் ரத்தம் எடுக்கும் அறைக்கும் நடுவில் கதவு சரியாகச் சாத்தாத ஓர் அறை. சந்தேகம் வந்தால் சுவரைத்தான் கேட்க வேண்டும். அதனால் சங்கம் என்று சொன்னதும் எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது.

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் ஓட்டுகிற வண்டிக்குப் பிரேக் போட்டவர். துருவித் துருவிக் கேட்டால் அவருக்கு ஆகாது. பேச்சை முடிக்க வேண்டுமென்றால் எதிரே இருப்பவருக்குப் பிடித்த பதில் எதுவோ அதைச் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். இடையில் காய்ச்சல் என்று பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தபோது, அதே மாத்திரையை வேறு கம்பெனி பெயரில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் வீட்டிலிருந்த பழையதையும் சாப்பிட்டார், புதிதையும் சாப்பிட்டார். நடுவில் ஒரு முறை ஆற்றங்கரை கிளினிக்குக்கும் போய்வந்தார். அடுத்த வாரம் குளியலறையில் விழுந்தார். தலைக்குள் ரத்தக் கசிவு. அலமாரியைத் திறந்து அந்த ரெண்டு மாத்திரை அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது பை அம்மாதான். திடீரென்று போய்விட்டார் என்பதற்கு மேல் அவள் வெளியில் யாரிடமும் சொல்லவில்லை.

நேராகப் போய்க் கேட்டிருக்கலாமே என்றால், போனாள். இறந்தவர் வீட்டாரிடம் ஊழியர்கள் பேசக்கூடாது என்று கிளினிக் மேலாளர் வாசலிலேயே கும்பிட்டு அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனாள். பை பையாகத் திறந்து பார்த்தாள். சாப்பிட்டாள், தூங்கினாள். கையைக் கிள்ளினால் வலித்தது, அதோடு சரி. அந்த ஆள் எதிரே உட்கார்ந்து, பையைத் திறந்து பார்க்காதது ஏன் என்று தன் வாயால் சொன்னால் உள்ளே ஏதாவது அசையும் என்று நம்பினாள். அதற்காகத்தான் சங்கம்.

சர்க்கரை நோய் கிளினிக்கில் இதே வேலை பார்க்கிற ஒருத்தி கூடச் சேர்ந்தாள். வாயாடி, ஆனால் வேலையில் கெட்டிக்காரி. போனில் பேசிப் பேசியே ஆள் பிடித்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் பிசியோதெரபி கூடத்தை வாங்கிக்கொண்டார்கள். உடற்பயிற்சிப் பந்துகளை ஓரத்தில் தள்ளிவிட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். ஒவ்வொருவரும் தன்னைக் குழப்பிய ஒரு நோயாளியைப் பற்றி, பெயர் சொல்லாமல், சொல்ல வேண்டும். கூட்டம் நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது. சிறுநீரகம் கெட்டவருக்கு எந்த அளவு கொடுப்பது என்று சண்டை போட்டார்கள், சிரித்தார்கள், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். அதை நடத்திவைத்தவள் மட்டும் கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் காலம் முடிந்த பிறகு ஒரு கூட்டத்துக்கு உயரமான ஒருவர் வந்தார். நரைக்கத் தொடங்கிய தலை, இஸ்திரி கலையாத சட்டை. எந்த கிளினிக் என்று சர்க்கரைக்காரி கேட்டாள். ஆற்றங்கரை என்றார். பை அம்மாவின் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. வந்துவிட்டார் என்று மட்டும் நினைத்தாள். நீங்களே முதலில் சொல்லுங்கள் என்று அவரிடம் சொன்னாள்.

அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது போலிருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும், அதற்கு முன்னால் இதைத் தொழில் தெரிந்தவர்களிடம் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்றும் ஆரம்பித்தார். வால்வு மாற்றியவர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. ரத்தப் பரிசோதனை சரியாகவே இருந்தது. இருக்கத்தான் செய்யும், ரெட்டை மாத்திரை வேலையைக் காட்ட நாளாகும் என்று பை அம்மா நினைத்துக்கொண்டாள்.

"பைய கொண்டுவந்திருந்தாரு. மேசை மேலதான் இருந்துச்சு. திறக்கலாம்னு கைய நீட்டினேன். அதெல்லாம் வேணாம் சார், என் தங்கச்சியும் உங்கள மாதிரி கிளினிக் பார்மசிஸ்ட்தான், அவ எல்லாத்தயும் பாத்தாச்சுன்னாரு. நம்ம தொழில்காரங்க ஒருத்தர் பாத்தத நான் மறுபடியும் கிளறினா நல்லா இருக்காதுன்னு தோணுச்சு. விட்டுட்டேன். அடுத்த வாரம் தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சு போயிட்டாரு."

அண்ணன் கிளினிக்குக்குப் போய்வந்த அன்று சாயங்காலம் அவரிடமிருந்து வந்த போன் பை அம்மாவுக்கு நினைவுக்கு வந்தது. மறந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. அதில் ஒன்றும் இல்லை என்று ஒதுக்கிவைத்திருந்தாள். பையைக் காட்டினாயா என்று அவள்தான் கேட்டாள். காட்டினேன், அங்கே எல்லாம் பார்த்தாச்சு என்றார் அண்ணன். அட்டைகளைப் படம் எடுத்து அனுப்பு என்று சொல்ல வாயெடுத்தவள், அந்த கிளினிக் நோயாளியை அந்த கிளினிக் ஆள் பார்த்த பிறகு தான் மூக்கை நுழைப்பது முறையில்லை என்று பேச்சை மாற்றினாள். அண்ணன் ரெண்டு பேருக்கும் பிடித்த பதிலைச் சொல்லியிருக்கிறார். இத்தனை மாதம் ஆள் பிடித்து, நாற்காலி போட்டு, அவள் தேடி வந்தது தன்னையும் சேர்த்துத்தான்.

சர்க்கரைக்காரிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அந்தத் தங்கச்சி என்ன லட்சணத்தில் பார்த்தாளாம், அவளை யாராவது கேட்டார்களா என்று பொரிந்து தள்ளினாள்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்கம்மா," என்றார் உயரமானவர். "அவங்க பாத்தாங்களோ இல்லையோ. அந்த மனுஷன் என்கிட்டேருந்து தப்பிக்க வாய்க்கு வந்தத சொல்லியிருக்கலாம். அவங்களுக்கு ஒண்ணுமே தெரியாம இருந்திருக்கலாம்."

அவள் பேசாமல் இருந்துவிடலாம். அடுத்தவரைச் சொல்லச் சொன்னால் கூட்டம் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். இவரும் வீட்டுக்குப் போய் வேலையை விட்டுவிடுவார். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை.

"தெரியும்," என்றாள். "நான் பாக்கல. நீங்க பாத்துட்டீங்கன்னு என்கிட்ட சொன்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்."

சர்க்கரைக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டாள். உயரமானவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். மன்னிப்பு கேட்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

"அன்னிக்கு உங்க நம்பர் என்கிட்ட இல்லம்மா," என்றார். "இருந்திருந்தா போட்டிருப்பேன்."

"எடுத்திருப்பேன்," என்றாள்.

உயரமானவர் குனிந்து முகத்தை மூடிக்கொண்டு அழத் தொடங்கினார். அத்தனை பேருக்கு நடுவில், தோள் குலுங்க, கூச்சமே இல்லாமல் அழுதார். பை அம்மா தனக்கும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவரைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது.