ழகரத்துக்கு மூன்று வாசல்

கல்பகத்துக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்பது மூக்கு நுனிதான். அன்று காலை நன்றாகவே சிவந்தது. ஹைதராபாத் காஞ்சன்பாக் குடியிருப்புச் சங்கத்திலிருந்து நரசிங் ராவ் போன் செய்து, அவளுடைய கேட்டரிங்கின் 'வாலையிலை' வெப்சைட் திறக்கவே இல்லையே என்று தெலுங்கில் வருத்தப்பட்டார். பொங்கல் விருந்துக்கு அறுநூறு இலை. மறுநாள் பதினோரு மணிக்குக் கமிட்டி கூடி, மூன்று கேட்டரிங்காரர்களின் தளங்களைப் பார்த்து ஒருவரை முடிவு செய்யும். திருமுல்கேரியில் பதினைந்து வருஷமாகக் கல்பகம் விருந்துகளுக்குச் சமைக்கிறாள், இவ்வளவு பெரிய பந்தி அவளுக்கு வாய்த்ததே இல்லை.

லிங்க் அனுப்பாமல் இல்லை. ஆனால் கமிட்டியில் இருபது பேர், யார் அதைத் தேடினார்கள்? காதில் விழுந்த பெயரை அப்படியே தட்டினார்கள். 'வாழையிலை'யின் ழவுக்கு ஆங்கிலத்தில் கல்பகம் போட்டிருந்தது நம்மவர்கள் போடும் இசட்டும் எச்சும். அந்த இரண்டும் சேர்ந்தால் ழ என்று ஹைதராபாத்தில் யார் கண்டார்கள்? அவர்களுக்கு ஒரு எல் போதும், மிஞ்சிப்போனால் இரண்டு.

ஓரகத்தி சுபாஸ்ரீ பேகம்பேட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள். கேட்டரிங் தளத்தை அமைத்தவளும் அவள்தான். ஜனங்கள் தட்டும் இரண்டு தப்புப் பெயர்களையும் வாங்கி, தளத்துக்கு இடம் வாங்கியிருக்கிற ஹோஸ்டிங் கணக்கிலேயே சேர்த்துவிடலாம் என்றாள். அதே கணக்கில்தான் அவள் கணவன் சரத்தின் யோகா வகுப்புத் தளமும் ஒண்டியிருந்தது.

"தப்பா எழுதறவங்களுக்கு நான் வாசல் வைக்கணுமா? நக்கோ, வேண்டவே வேண்டாம்," என்றாள் கல்பகம்.

"வீடு ஒண்ணுதான்க்கா. வாசல்தான் மூணு. எதுல வந்தாலும் பந்தி ஒண்ணுதானே?"

பந்தி என்ற சொல்லில் கல்பகம் விழுந்தாள். பசித்து வந்தவரை எழுத்துப் பிழைக்காகத் திருப்பி அனுப்ப அவளுக்கு மனசு வராது. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். அந்த வாசல்களில் வருகிறவர்களுக்குப் பெயரைச் சரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் உள்ளே விடவேண்டும்.

கணக்கில் ஒவ்வொரு பெயருக்கும் அது திறக்கவேண்டிய ஃபோல்டரைக் காட்ட வேண்டும். அவசரத்தில் சுபா ஒன்றை மாற்றிக் காட்டிவிட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வாழையிலையைத் திறந்தால் சரத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தான். கல்பகம் சிரித்த சிரிப்பில் பாதிக் கோபம் போய்விட்டது. சுபா அதைத் திருத்தினாள். புதுப் பெயர்கள் எல்லா இடத்திலும் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகும் என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்குப் புது வாசல் இரண்டும் திறந்தன. பச்சை இலையின் நடுவே பெரிதாக ஒரு ழ. அதைத் தொட்டால், 'வாழையிலை' என்று கல்பகத்தின் குரலே நிறுத்தி நிதானமாகச் சொல்லும். அப்புறம்தான் சாப்பாட்டுப் பட்டியல் வரும். தன் குரலைத் தானே நாலு தடவை கேட்டாள். பெருமையாகத்தான் இருந்தது, அதில் என்ன வெட்கம்?

பன்னிரண்டரைக்கு போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"வாழையிலை கல்பகம் காரேனா?"

கல்பகம்தானே என்று மரியாதையாகத் தெலுங்கில் கேட்டவர் நரசிங் ராவ்தான். கூட்டத்தில் கால் மணி நேரம் இருபது பேரும் நாக்கை மடித்துக்கொண்டிருந்தார்களாம். மற்ற இரண்டு தளங்களையும் பார்த்தார்களாம், ஆனால் ஒருமனதாக இவளைத்தான் முடிவு செய்தார்களாம். அறுநூறு இலையும் அவளுக்கே.

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் கல்பகம். அவர் பொறுமையாக, அறுநூறு இலை என்று மறுபடி தொடங்கினார்.

"அதி காதண்டி," அதுவல்ல என்று தெலுங்கிலேயே மறித்தாள். கண் நிறைந்துவிட்டது. "பேரு. பேரு செப்பண்டி."